மையித்துக்கு உரியவர்

“பிள்ளைகள்ட பேரைச் சொல்லுங்க, எழுதுறன்” என்றார் பள்ளி மோதினார், மௌத்து அறிவிப்பு எழுதும் கொப்பியைச் சுவரில் வைத்து அழுத்தியபடி.

உள்ளே றாஹிலா வாப்பாவின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில், சுபஹுக்கு வாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் போன உயிர். முடிச்சை இறுக்கினால் வலிக்குமோ என்று அவளுடைய கை இன்னும் தயங்கியது.

“றாஹிலாட வாப்பா. எண்ட மாமனார்” என்று வாசலில் அவளுடைய புருஷன் அப்துல் ஸமட் சொல்லிக்கொண்டிருந்தான். “எழுதிட்டீங்களா? பின்னேரம் அசருக்குப் பொறகு ஜனாஸாத் தொழுகை.”

“ஆம்புளப் பிள்ளைகள்?”

முற்றத்துக் குழாயடியில் வாளி நிறைகிற சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது ஜுனைட்தான். வாப்பாவின் ஒரே மகன், றாஹிலாவுக்கு மூத்தவன், அவளுடைய காக்கா. மோதினார் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் அவன் தோளில் படும்.

“அந்த ரெண்டு பேரு போதும். அவ்வளவும் போட்டாக் காணும்” என்றான் ஸமட்.

மோதினாருக்குத் தெரியாத விஷயமா? அவர் கொப்பியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். றாஹிலா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வாயைத் திறந்திருக்கலாம். ‘ஜுனைட்ட வாப்பா எண்டும் போடுங்க.’ நாலே நாலு சொல். அவள் திறக்கவில்லை. அன்றைக்கு முழுவதும் அவளுக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி, சொல்லாமல் விட்ட அந்த நாலு சொல்லின் மேல் வந்த கோபம்தான். புருஷன் மேல் காட்டினாள், ஊர் மேல் காட்டினாள், கடைசியில் தண்ணீர் வாளியோடு நின்ற காக்கா மேலும் காட்டினாள்.

பத்து நிமிஷத்தில் பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. இன்னா லில்லாஹி. கல்முனையைச் சேர்ந்த அப்துல் கபூர் அவர்கள் காலமானார்கள். அன்னார் றாஹிலா என்பவரின் தந்தையும் அப்துல் ஸமட் என்பவரின் மாமனாரும் ஆவார். ஒருமுறை சொல்லி, மறுபடியும் ஒருமுறை சொன்னார்கள். ஜுனைட் குழாயை மூடினான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டுகிற இடத்தில் வைத்தான். அடுத்த வாளியைக் குழாயடியில் வைத்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதுதான் றாஹிலாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு தடவை வாளியைப் போட்டு உடைத்திருக்கலாமே இந்த மனிசன்.

ஜுனைட் சிறையிலிருந்து, ஊர்ப் பேச்சில் மறியலிலிருந்து, வெளியே வந்து எட்டு மாதம். கொழும்புக்கு அரிசி ஏற்றிய லொறியில் மூட்டைகளுக்கு நடுவே கேரளா கஞ்சாப் பார்சல்கள் இருந்தன. மற்றவர்களைப்போலத் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் கோர்ட்டில் சொல்லவில்லை. தெரியும் என்றான். அதற்கு ஆறு வருஷம். உள்ளே போன இரண்டாம் வருஷம் பெண்டாட்டி பிரிந்துகொண்டாள். இந்த ஊரில் ஆம்பிளைக்கு வீடென்றால் அது பெண்டாட்டிக்குச் சீதனமாகக் கிடைத்த வீடுதான். அவள் போனதோடு வீடும் போனது. வாப்பா கட்டிய வீடு மகளுக்கு எழுதியது, றாஹிலாவின் வீடு. ஆகவே ஐம்பதை நெருங்குகிற ஜுனைட், தங்கச்சியின் வீட்டில், குசினிக்குப் பக்கத்தில் விறகு அடுக்கும் அறையில் பாயைப் போட்டுக்கொண்டான். ஸமட் அதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொன்னதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே இருந்தபோது ஜுனைட் பேக்கரி வேலை பழகியிருந்தான். ஆயிரம் பேருக்குப் பாண் போட்ட கை. அத்தாட்சிப் பத்திரம்கூட இருந்தது. புனர்வாழ்வு உத்தியோகத்தர் ஒருவர் நல்ல மனிசர், ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு றாஹிலா ஏறாத பேக்கரி கல்முனையில் இல்லை. ஒருவர் கடிதத்தை வாசித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். “மாஷா அல்லாஹ், நல்ல விஷயம், திருந்தி வாறவனுக்கு நாமதான் கை குடுக்கணும்” என்றார். பிறகு, “ஆனா நம்மட போறணையில இப்ப ஆள் கூடிப்போச்சு” என்றார். அடுத்த கிழமை அதே கடைக் கதவில் ‘வேலைக்கு ஆள் தேவை’ என்று எழுதி ஒட்டியிருந்தது.

இன்னொரு இடத்தில் கிராம சேவகர் கந்தோரிலிருந்து நன்னடத்தைப் பத்திரம் கொண்டுவரச் சொன்னார்கள். அங்கே போனால், கடைசி ஆறு வருஷம் ஊரிலேயே இல்லாத ஆளுக்கு நடத்தை நல்லதென்று எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். எங்கே இருந்தாரோ அங்கே கேளுங்கள் என்றார்கள். அவர் இருந்த இடத்தில்தானே ஐயா இந்தக் கடிதம் தந்தது என்று றாஹிலா கேட்டாள். அது வேற திணைக்களம் தங்கச்சி என்று பதில் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவுக்குள் இருந்து அவள் அழுதாள். கவலையில் அல்ல, ஆத்திரத்தில்.

ஜுனைட்டின் பழக்கங்களும் அவளுக்கு ஆத்திரம் மூட்டின. யாராவது வயதுக்கு மூத்தவர், சப்பாத்துப் போட்டவர் வந்தால் எழுந்து நிற்பான். எல்லாருக்கும் ‘சேர்’. மீன்காரனுக்கும் ஒருநாள் சேர் போட்டான். சாப்பிட்டு முடித்தால் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “நான் வெளியில போகட்டா?” என்று கேட்பான். ஆரம்பத்தில் றாஹிலா பாவப்பட்டாள். பிறகு, “போங்களன் காக்கா, என்னட்ட என்ன கேள்வி?” என்று எரிந்து விழுந்தாள். அவன் தலையாட்டுவான். அடுத்த நாளும் கேட்பான்.

வாப்பா மட்டும்தான் இதையெல்லாம் பார்த்துச் சலித்துக்கொள்ளாதவர். மகன் உள்ளே இருந்த ஆறு வருஷமும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போனவர் அவர். திரும்பி வரும்போது ஒரே ஒரு சேதிதான் கொண்டுவருவார். “உள்ளுக்க இரிக்கிற நம்மட ஆக்களுக்கெல்லாம் இவன்தான் தொழுவிக்கிறானாம். நோம்புக்கு முழுக்க இவன்தானாம் முன்னுக்கு நிண்ட.” தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்வார். அவர்கள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியே வந்தபின் ஜுனைட் ஊர்ப் பள்ளியில் ஒருநாளும் முன் வரிசையில் நின்றதில்லை. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்.

மூன்று நாளைக்கு முன்னால், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த றாஹிலாவின் கையை வாப்பா பிடித்துக்கொண்டார்.

“புள்ள, நான் மௌத்தானா ஜுனைட்தான் எனக்குத் தொழுவிக்கணும். இது எண்ட கடைசி வஸியத்து.”

“ஓம் வாப்பா.”

“வாயால சொல்லு.”

“ஜுனைட் காக்காதான் தொழுவிப்பாரு வாப்பா.”

அவர் கையை விட்டார். மீதிக் கஞ்சியையும் குடித்தார். அதுதான் அவர் முழுதாகக் குடித்த கடைசிக் கஞ்சி.

ஸமட்டிடம் அவள் இதைச் சொன்னது காலை ஒன்பது மணிக்கு, மையித்தைப் பொதிகிற கபன் துணி வந்த பிறகு. அவன் துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். கேட்டு முடித்தபின் நெற்றியைத் தடவினான்.

“நிந்தவூர்ல இருந்து மாப்பிள்ளை வீட்டாக்கள் எல்லாரும் வருவாங்க றாஹிலா.”

“தெரியும்.”

“ஊர்ச்சனம் முழுக்க நிக்கும். மறியல் ஜுனைட் தொழுவிக்கப் போறானெண்டு ஒரு பேயன் பின்னுக்கு நிண்டு சொன்னாக் காணும். மகள்ட காரியம் அத்தோட முடிஞ்சிரும். நீயும் நானும்தானே கட்டார் எண்டு சொன்னம்?”

ஓம், இருவரும்தான் சொன்னார்கள். மகள் றிபாவுக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை பேசியிருந்தது. பெண்ணின் மாமாவைப் பற்றி மாப்பிள்ளையின் உம்மா முஸ்பிறா கேட்டபோது, கட்டாரில் ஆறு வருஷம் வேலை செய்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறார் என்று ஸமட் சொன்னான். றாஹிலா வாய் கூசாமல், “பேக்கரில” என்று சேர்த்துக்கொண்டாள். பேக்கரி மட்டும் உண்மை.

“வாப்பாட வஸியத்து மச்சான்.”

“நான் மாட்டெண்டு சொல்லல்ல. கொஞ்சம் யோசி எண்டுதான் சொல்லுறன்” என்று எழுந்தான் ஸமட்.

அவனைத் திட்டவும் முடியவில்லை. திட்ட முடியாத ஆளோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. அறைக்குள் றிபா பனங்கற்கண்டுப் போத்தலை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

“கட்டார்க் கதையைத் தொடங்கின நீங்க ரெண்டு பேரும். என்னட்ட ஒத்தரும் கேக்கல்ல” என்றாள்.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?”

றிபா போத்தலை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

மையித்தைக் குளிப்பாட்டி முடித்தபின் றாஹிலா காக்காவைப் பின்பக்கம் கூப்பிட்டாள். ஜுனைட்டின் சாரன் முழங்கால் வரை நனைந்திருந்தது. வாப்பாவின் நகங்களை அவன்தான் ஒவ்வொன்றாகத் துடைத்தானாம், கூட நின்றவர்கள் சொன்னார்கள். வஸியத்தைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். நனைந்த விரல்கள் சாரன் ஓரத்தைப் பிடித்துப் பிழிந்தன.

“ஸமட் மச்சானுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அவர் என்ன சொன்ன?”

“அவர் சொல்லுறது இரிக்கட்டும். நீங்க என்ன சொல்லுறீங்க?”

“அவர் ஓமெண்டா...”

“காக்கா!” அவள் குரல் உயர்ந்துவிட்டது. வேலிக்கு அப்பால் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலைக் குறைத்துக்கொண்டாள். “மௌத்தானது உங்கட வாப்பா. இதுக்கும் அனுமதி கேக்கப் போறீங்களா? ஆருட்ட கேப்பீங்க? ஜெயிலர்ட்டயா?”

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜுனைட் கோபப்படவில்லை. இவனுக்குக் கோபமே வராதா?

“றிபாட கலியாணம் குழம்பாம முடியட்டும் தங்கச்சி. வாப்பா கோவிக்க மாட்டாரு” என்றான். பிறகு, “நான் உடுப்பு மாத்தட்டா?” என்று கேட்டான்.

இரண்டு மணியளவில் நிந்தவூர் வேன் வந்தது. முஸ்பிறா இறங்கி நேராக றாஹிலாவிடம் வந்து கட்டிப்பிடித்தாள். நெடுநாள் பழகியவளைப்போல முதுகைத் தடவினாள். நல்லவள்தான். நல்லவர்களுக்கு முன்னால்தான் பொய் அதிகம் குத்துகிறது. பாயில் உட்கார்ந்து யாஸீன் கிதாபைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“காக்கா கட்டார்ல இருந்து வந்து நிக்கார் எண்டீங்களே. நல்ல காலம், வாப்பாட கடைசி நேரத்தில பக்கத்தில இருந்திருக்கார். எங்க அவர்?”

“வெளியில நிக்காரு ராத்தா.”

பக்கத்து வீட்டு றுக்ஸானா யாஸீனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாயிலிருந்த உள்ளூர்ப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நன்றி சொல்வதா, எல்லாருமாகச் சேர்ந்து தன் காக்காவை மண்ணுக்குள் மூடுகிறார்களே என்று கத்துவதா என்று றாஹிலாவுக்குத் தெரியவில்லை.

அசர் நெருங்கியபோது பேஷ் இமாம் வீட்டுக்கு வந்தார். ஊருக்குப் புதியவர், மூன்று மாதம்தான் ஆகிறது. துஆ ஓதினார். மௌத்தானவருக்காக எல்லாரும் மன்னிப்புக் கொடுங்கள் என்று கேட்டார். “குடும்பத்தில வேற ஏதும் சொல்ல இரிக்கா?” என்று திரைச்சீலைப் பக்கம் பார்த்துக் கேட்டார். இதுதான் நேரம். றாஹிலா எழுந்தாள். முஸ்பிறாவும் கூடவே எழுந்து, இவள் விழுந்துவிடுவாள் என்று நினைத்தோ என்னவோ, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் சூட்டில் றாஹிலாவின் வாய் மறுபடியும் அடைத்தது.

“ஒண்டுமில்ல ஹஸ்ரத்” என்றான் வெளியே ஸமட்.

வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். முன் கால்களில் ஒன்றை ஸமட் பிடித்தான். ஜுனைட் பின்னால், ஆட்களுக்குள் ஆளாக. தெருமுனை திரும்பும்வரை அவனுடைய வெள்ளைத் தொப்பி தெரிந்தது, பிறகு எது அவனுடைய தொப்பி என்று தெரியவில்லை.

பெண்கள் வீட்டில். ஜனாஸாவுக்குப் பெண்கள் போவதில்லை, காதால்தான் போக வேண்டும். அன்றைக்குப் பள்ளிக்குள் ஆள் கொள்ளவில்லை போலிருக்கிறது. வெளியே நிற்பவர்களுக்காக ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார்கள். அசர் முடிந்தது. சந்தூக்கை முன்னால் வைக்கச் சொல்வது கேட்டது. வரிசையை ஒழுங்குபடுத்தச் சொல்வது கேட்டது. பிறகு இமாமின் குரல்.

“மையித்துக்கு உரியவர் ஆரு? தொழுவிக்க எனக்கு அனுமதி வேணும்.”

“நீங்களே தொழுவிங்க ஹஸ்ரத்” என்றது ஸமட்டின் குரல்.

“நீங்க மகனா?”

“மருமகன்.”

“மருமகன் அனுமதி தரேலா. உரிமை மகனுக்குத்தான். மகன் இல்லையா?”

யாஸீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கியில் யாரோ இருமினார்கள். மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. ஊருக்குப் புதியவர் என்பதால் வந்த வினை. பழைய இமாமாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டார், ஸமட்டின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டிருப்பார். றாஹிலா இரண்டு கைகளாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மகன் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ? எத்தனை பேர் நிற்கிறார்கள் அங்கே, முந்நூறா? ஒருத்தருக்குமா வாய் வராது?

தூரத்தில், மைக்குக்குச் சரியாக எட்டாத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“நான் இரிக்கன் சேர்.”

றுக்ஸானா, “அல்லாஹ்வே” என்றாள்.

நடந்து வருகிற நேரம். வழி விடுகிற சலசலப்பு. பிறகு இமாம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“வாங்க. நீங்க தொழுவிக்கிறீங்களா, எனக்கு அனுமதி தாறீங்களா? நீங்கதான் சொல்லணும்.”

ஆறு வருஷமும் எட்டு மாதமும் ஜுனைட்டிடம் யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. றாஹிலாவும் கேட்டதில்லை. றிபாவுக்கு மாப்பிள்ளை பேசியபோதுகூட, கட்டார்க்காரனாக அவனை ஆக்கிய பிறகுதான் அவனிடம் சொன்னார்கள். இப்போது அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். ‘நீங்களே தொழுவிங்க சேர்’ என்பான். அவளுக்கு அழுகை வந்தது. அவனைப் போட்டு உலுக்க வேண்டும்போல வந்தது.

“வாப்பா என்னைத்தான் சொன்னவரு” என்றான் ஜுனைட்.

“அப்ப நில்லுங்க.”

மைக்கை யாரோ திருப்பி வைத்தார்கள். கடகடவென்று ஒரு சத்தம். அதன் பிறகு வந்த முதல் ‘அல்லாஹு அக்பர்’ தக்பீரில் ஒரு நடுக்கம் இருந்தது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதுக்குப் பிறகு நீண்ட அமைதி. இறந்தவருக்காக மனதுக்குள் கேட்கிற இடம் அது. வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தான். கிழவி ஒருத்தி, “மைக் நிண்டுட்டா?” என்று கேட்டாள். நிற்கவில்லை. நாலாவது தக்பீர் வந்தது, ஸலாம் வந்தது. பிறகு அவன் சத்தமாகத் துஆ ஓதத் தொடங்கினான்.

அல்லாஹும்மஃபிர் லஹு வர்ஹம்ஹு... அவசரமில்லாத, ஒவ்வொரு எழுத்தையும் அதன் இடத்தில் வைக்கிற ஓதல். சேர் போட்டுப் பேசுகிற குரல் இல்லை அது. தன் காக்காவுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது றாஹிலாவுக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. வாப்பா ஒவ்வொரு தடவையும் போய் வந்து சொன்னாரே, ஒருநாளாவது காது கொடுத்தேனா என்று நெஞ்சு பிசைந்தது. முந்நூறு ஆண்குரல்கள் ஆமீன் என்றன. வீட்டுக்குள் பெண்களும் ஆமீன் என்றார்கள், முஸ்பிறாவும்.

முடிந்தபோது முஸ்பிறா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்ன அழகான ஓதல்கா. அரபு நாட்டில இருந்தவங்கட ஓதல் வேறதான். கட்டார்லயா ஓதப் பழகின?”

பாயில் ஒருத்தரும் அசையவில்லை. றுக்ஸானா யாஸீனைத் திறந்து, பக்கம் தேடுவதுபோல ஒற்றையைப் புரட்டினாள். ஓம் என்று ஒரு சொல். அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. றாஹிலா மகளைப் பார்த்தாள். றிபா சுவரோடு சாய்ந்து, நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டவும் இல்லை, வேண்டாம் என்று கண் காட்டவும் இல்லை.

“இல்ல ராத்தா” என்றாள் றாஹிலா. “மறியல்ல.”

முஸ்பிறா புரியாமல் பார்த்தாள்.

“ஆறு வருஷம் மறியல்ல இருந்தவரு. கஞ்சாக் கேஸ். அங்கதான் பழகின. கட்டார் எண்டு நாங்கதான் உங்களுக்குப் பொய் சொன்னம்.”

முஸ்பிறாவின் கை யாஸீன் கிதாபின் மேல் அப்படியே இருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, றிபாவைப் பார்த்து, பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். அந்தக் கிழவி யாரும் கேட்காமலே பாயில் கொஞ்சம் நகர்ந்து றாஹிலாவுக்கு இடம் விட்டாள்.

பள்ளியில் மைக்கை நிறுத்த எல்லாரும் மறந்துவிட்டார்கள். சந்தூக்கைத் தூக்குங்க என்று ஒருவர் சொன்னார். அதன் பிறகு, பள்ளி வாசலில் ஆட்கள் செருப்புத் தேடுகிற சத்தம் ஒலிபெருக்கியில் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.